ரிசார்ட் மெம்பர்ஷிப்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

போன தை நோம்பிக்குக் காங்கேயம் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் பீரோவிலிருந்து ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். "மாப்ளே, நீங்க கணக்கு வழக்குத் தெரிஞ்சவரு. இதை விக்கறதா, வெச்சுக்கறதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தோட்டத்துப் பத்திரமாக இருக்கும் என்று திறந்தால், வழவழப்பான தாளில் மலையும் ஏரியும் நீச்சல் குளமும். 25 வருடத்துக்கான ரிசார்ட் மெம்பர்ஷிப். மூன்றரை லட்சம் கொடுத்து வாங்கியது. 13 வருடம் ஓடிவிட்டது, 12 பாக்கி.

அவர் வாங்கிய கதை பலருக்கும் தெரிந்த கதைதான். கோவையில் ஒரு மாலுக்குத் துணி எடுக்கப் போனபோது கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார். இரண்டு நாளில் போன். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு சார், மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்குங்க." புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வரவேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்திருக்கிறார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பிக்க வழி இருக்கக் கூடாதல்லவா! மூன்று மணி நேரம் ஏசி அறையில் பேச்சு, பழச்சாறு, "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்." பரிசாகக் கிடைத்த டின்னர் செட் இன்னும் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டைம்ஷேர். கொங்கு நாட்டில் பிறந்தவருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். நம் ஊரில் பங்காளிகள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பொதுக்கிணறு இருக்கும். திங்கள் செவ்வாய் பெரியவர் முறை, புதன் வியாழன் அடுத்தவர் முறை என்று மாற்றி மாற்றி மோட்டார் போட்டுக்கொள்வார்கள். கிணறு ஒன்றுதான், நாளைத்தான் பங்கு போடுகிறார்கள். டைம்ஷேரிலும் அதேதான். ரிசார்ட்டில் ஓர் அறை. வருடத்துக்கு 52 வாரம். வாரத்துக்கு ஓர் ஆள் என்று முறை. ஐரோப்பாவில் 1960களில் தொடங்கிய யோசனை இது. இந்தியாவில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங், 1996இல் வந்த மகிந்திரா ஹாலிடேஸ் ஆகிய நிறுவனங்கள் வழியாகத்தான் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமானது.

ஆனால் கிணற்று உவமை ஓர் இடத்தில் அறுந்துவிடும். அந்த இடம்தான் முக்கியம். கிணற்றுப் பங்கு பத்திரத்தில் ஏறியிருக்கும். "கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மின் மோட்டாரும், வண்டித்தடப் பாத்தியமும்" என்று எழுதிப் பதிவு செய்திருப்பார்கள். பேரன் காலத்திலும் அது பேசும். நம் நாட்டில் விற்கப்படும் ரிசார்ட் மெம்பர்ஷிப்பில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. கட்டடத்தில் ஒரு செங்கல்கூட உங்கள் பெயரில் இல்லை. இத்தனை வருடம், வருடத்துக்கு இத்தனை இரவு, இந்த மாதிரி அறையில் தங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும்தான். முன்பணத்தை மொத்தமாகக் கொடுத்து எடுத்த குத்தகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. "ஊட்டியில எங்களுக்கு ரிசார்ட்ல பங்கு இருக்குது" என்று மாமா 13 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பங்கு இல்லை மாமா, முறை மட்டும்தான் என்றதும் அத்தை முகம் சட்டென்று மாறிவிட்டது.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான். எந்த சீசன் என்பது முதலாவது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள். சிவப்பு கூட்டமான காலம், நீலம் ஆள் வராத காலம். சில நிறுவனங்கள் சிவப்புக்கும் மேலே ஊதா என்று ஒன்று வைத்திருக்கின்றன. நீலம் வாங்கியவருக்கு மே மாதத்தில் அறை கேட்கும் உரிமை இருக்காது. அறையின் அளவு அடுத்தது: ஸ்டூடியோவா, ஒரு படுக்கையறையா, இரண்டா என்று. அப்புறம், இந்த வருடம் போகாத நாளை அடுத்த வருடத்துக்குச் சேர்க்கலாமா, எத்தனை வருடம் வரை சேர்க்கலாம். கடைசியாக, பெயர் மாற்றம் பற்றிய பத்தி. வாங்கும்போது யாரும் படிக்காத பத்தி அது. வெளியே வரும்போது வழி காட்டப்போவதும் அதுதான்.

ஆர்சிஐ என்ற பெயரும் ஃபைலில் இருக்கலாம். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய பரிமாற்ற நிறுவனம். உங்கள் முறையை அங்கே கொடுத்துவிட்டு வேறு நாட்டு ரிசார்ட்டில் தங்கலாம். தனிச் சந்தா, தனிக் கட்டணம். மாமா ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

இனி பணம். வாங்கிய விலையோடு கதை முடிவதில்லை. வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். மாமாவுக்கு இந்த வருடம் வந்த பில் 24,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 28,320. வருடத்துக்கு அவருக்கு உள்ளது 6 இரவு.

விற்பதா வைப்பதா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் வாங்கிய விலையில்தான் போய் நிற்கிறார்கள். மாமாவும் அப்படித்தான். "மூணரை லட்சம் போட்டிருக்கறனுங்க மாப்ளே, அதை எப்படி விடறது?" நான் அவருடைய போர்வெல்லை நினைவுபடுத்தினேன். நாலு வருடம் முன்பு 800 அடி போட்டும் வெறும் புழுதிதான் பறந்தது. இவ்வளவு போட்டாச்சே என்று இன்னொரு 200 அடி போனார். அங்கேயும் புழுதி. 800 அடிக்குக் கொடுத்த பணம், அடுத்த 200 அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. அது போன பணம். நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. இனிமேல் போடப்போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது ஒன்றுதான் கேள்வி. மெம்பர்ஷிப்பிலும் மூன்றரை லட்சத்தை ஒரு தாளில் எழுதி, அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் மீதிக் கணக்கைத் தொடங்கவேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் அப்படித்தான் செய்யவேண்டும்.

மீதிக் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 28,320ஐ 6 இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 4,720 ரூபாய். முழுதாகப் பயன்படுத்தினால் இது. இப்போது அதே தரத்தில், முடிந்தால் அதே ரிசார்ட்டில், மெம்பர் அல்லாதவருக்கு அறை என்ன விலை என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் மாதத்தின் விலையைப் பார்க்கவேண்டும். மே மாத விலையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. நாங்கள் பார்த்தபோது சராசரியாக 6,200 வந்தது. இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையும் சேர்த்தால் 6,510.

அடடா, இரவுக்கு 1,790 ரூபாய் லாபமாச்சே என்று தோன்றும். மாமாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரி, போன ஐந்து வருடத்தில் எத்தனை இரவு தங்கினீர்கள் என்று கேட்டேன். அத்தை விரல் விட்டு எண்ணினார். ஒரு வருடம் 6, ஒரு வருடம் 4, ஒரு வருடம் 5. இரண்டு வருடம் போகவே இல்லை. மொத்தம் 15. கட்டணம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறியிருக்கும். சுலபத்துக்காக இந்த வருடத்துத் தொகையையே வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு 1,41,600. அதை 15ஆல் வகுத்தால் ஓர் இரவு 9,440 ரூபாய். வெளியில் 6,510க்குக் கிடைப்பதை 9,440 கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

எத்தனை இரவு தங்கினால் கட்டுப்படியாகும்? 28,320ஐ 6,510ஆல் வகுத்தால் 4.35. ஆக, வருடம் தவறாமல் 5 இரவாவது தங்குகிற குடும்பத்துக்கு வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. அதற்குக் கீழே போனால் அறை எடுத்துத் தங்குவதே மலிவு. உங்கள் ஃபைலில் எண்கள் வேறாக இருக்கும், வகுத்தல் இதேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் நின்ற இடத்தில் நிற்காது. வருடம் 6 சதவீதம் ஏறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துப் பார்த்தோம். 12ஆவது வருடத்தில் பில் 53,700 ரூபாயைத் தாண்டுகிறது. 12 வருடத்துக்கும் சேர்த்துக் கட்டப்போவது ஏறக்குறைய 4 லட்சத்து 78 ஆயிரம். வாங்கிய விலையைவிட அதிகம். வெளியில் அறை வாடகையும் கூடவே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் வாடகை அறைக்குப் போகாத வருடம் பணம் கிடையாது, இதற்கு உண்டு.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பக்கத்துக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, விற்பனை மேசையில் யாரும் பேசாதவை. கோவையிலிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர். காலையில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் டீ குடித்து, குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஏற்காடும் வால்பாறையும் ஏறக்குறைய அப்படியே. சென்னைக்காரருக்கு ஊட்டியில் நாலு நாள் தங்குவது ஓர் இயல்பான பயணம். நமக்கு அது சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவது மாதிரி. ஆகவே நம்மவர்களுக்கு மெம்பர்ஷிப் பயன்படவேண்டுமென்றால் கோவா, ராஜஸ்தான், இமாசலம் என்று தூரமாகப் போகவேண்டும். அங்கே போக டிக்கெட் செலவு, ரிசார்ட்டுக்குள்ளேயே சாப்பிட்டால் அந்தச் செலவு. 6 இரவு இலவசம் என்று கிளம்பி 80,000 செலவழித்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பக்கத்து மலைக்கே போனாலும் இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். ரிசார்ட்டில் அறை உறுதியானால் மட்டும் போதாது, பாஸையும் சேர்த்தே திட்டமிடவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுத்தரையில் மாடு இருக்கிறவருக்கு 6 இரவு என்பது பெரிய சங்கதி. காலையிலும் சாயங்காலமும் பால் கறக்கவேண்டும், சொசைட்டிக்கு ஊற்றவேண்டும். பண்ணயம் பார்க்கிறவர், தறி ஓட்டுகிறவர், திருப்பூரில் ஷிப்மெண்ட் தேதியோடு மல்லுக்கட்டுகிறவர், இவர்கள் யாரும் ஆறு மாதம் முன்கூட்டி இந்த வாரம்தான் என்று சொல்ல முடியாது. மெம்பர்ஷிப்போ முன்கூட்டிச் சொல்பவருக்குத்தான் அறை கொடுக்கும். மாமா போகாத இரண்டு வருடமும் இதே காரணம்தான். பள்ளி விடுமுறையை வைத்துத் தேதி குறிக்கும் ஆசிரியர் குடும்பம், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், இவர்களுக்கு அதே மெம்பர்ஷிப் நன்றாக உழைக்கும். சீசன் நிறம் மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

சரி, விற்பதென்று முடிவு செய்தால்? மாமா மனதில் ஒரு விலை இருந்தது. 25 வருடத்துக்கு மூன்றரை லட்சம், 12 வருடம் பாக்கி, ஆகவே 1,68,000. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவன் அப்படிக் கணக்குப் போடமாட்டான். அவனுக்கு இரவுக்கு 1,790 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 6 இரவு தவறாமல் போனால் 10,740. 12 வருடத்துக்கு 1,28,880. இதுதான் உச்சம். அவனும் சில வருடம் போகமாட்டான், கட்டணம் ஏறும், பெயர் மாற்றக் கட்டணம் வேறு உண்டு. அந்த 1,28,880ஐ இன்றைக்கே எடுத்து யார் கொடுப்பார்கள்? போதாததற்கு, கம்பெனிக்காரர்களே புது மெம்பர்ஷிப்பைத் தவணையில் விற்கிறார்கள். பழையதை விற்க முன்வருபவர்கள் நிறையப் பேர், வாங்குபவர்கள் குறைவு. ஆன்லைனில் விளம்பரம் போட்டு மூன்று வாரத்தில் மாமாவுக்கு வந்த அதிகபட்ச கேள்வி 40,000. அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்த ஆள் விவரமானவர் என்று பட்டது.

விளம்பரம் போட்ட நாலாவது நாளே வேறு மாதிரி போனும் வந்தது. கொஞ்சம் நின்று படியுங்கள், ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "உங்க மெம்பர்ஷிப்புக்கு எங்ககிட்ட பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், மூணு லட்சத்துக்கு முடிச்சுத் தர்றோம். என்ஓசிக்கு, அதாங்க தடையில்லாச் சான்றுக்கு, மட்டும் 18,000 கட்டிடுங்க, விக்கற தொகையோட திருப்பி வந்துரும்." உங்கள் மெம்பர் எண், சீசன், அறை வகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பிக்கை வந்துவிடும். முதலில் என்ஓசி, அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் பதிவுச் செலவு. பார்ட்டி கடைசிவரை வரமாட்டார். உண்மையான தரகன் விற்ற பணத்தில்தான் கமிஷன் எடுப்பான். சந்தையில் மாடு விற்றுக்கொடுக்கிறவர்கூட மாடு கைமாறிய பிறகுதான் தரகு கேட்கிறார். முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அந்தக் கணக்கிலேயே முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு.

நல்ல ஆள் கிடைத்தால் நடைமுறை எளிது. பாக்கிக் கட்டணம் எல்லாம் முதலில் அடைக்கவேண்டும். பாக்கி இருந்தால் பெயர் மாறாது. கம்பெனிக்கு நீங்களே எழுதி, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, புது ஆளுக்கு எல்லாச் சலுகையும் போகுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பெயர் மாறியதற்கான கடிதம் கைக்கு வரும்வரை அடுத்த பில் உங்கள் பெயரில்தான் வரும்.

விற்காமல் திருப்பிக் கொடுக்கும் வழியும் சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. வாங்கிய விலையைச் சேர்க்கைக் கட்டணம், பயன்பாட்டுக் கட்டணம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் முதல் பகுதி பொதுவாகத் திரும்பாது; இரண்டாவதில் பாக்கி வருடங்களுக்கு உண்டானது மட்டும் பிடித்தம் போகக் கிடைக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஒன்றும் செய்யாமல் கட்டணத்தை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அறை கொடுப்பதை நிறுத்துவார்கள், பாக்கிக்கு வட்டி ஏறும், அப்புறம் என்ன செய்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் வாங்கின விலையே இன்னும் வங்கிக் கடனிலோ கிரெடிட் கார்டு தவணையிலோ ஓடிக்கொண்டிருந்தால் அதை மட்டும் நிறுத்தாதீர்கள். அது வங்கிக்குத் தரவேண்டிய கடன், சிபில் மதிப்பெண்ணில் விழும்.

சொன்னதைக் கொடுக்கவில்லை, கேட்ட நேரத்தில் ஒருநாளும் அறை இல்லை என்ற வழக்கு உங்களுடையதானால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலையவேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் குறை நேர்ந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். 13 வருடம் முன்பு மாலில் வாயால் சொன்ன வாக்குறுதிக்கு மாமா இனிமேல் போக முடியாது. போன வருடம் அறை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலும் இல்லை என்று வந்த பதிலும் இருந்தால் அதற்குப் போகலாம்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே விற்கும் டைம்ஷேரில் பல, நம் கிணற்றுப் பங்கு போலப் பத்திரமே போட்டுக் கொடுப்பவை. சந்தோஷப்பட வேண்டாம். கெடு இல்லாததால் பராமரிப்புக் கட்டணத்துக்கும் கெடு இல்லை, வாரிசுகள் வரை வரும். ஒரு டாலருக்கு விற்றால்கூட வாங்க ஆள் வராத பங்குகள் இருக்கின்றன. ஃபுளோரிடாவில் கையெழுத்துப் போட்டால் ரத்து செய்ய 10 நாள் அவகாசம் சட்டத்திலேயே உண்டு. ஆர்லாண்டோவுக்குக் குழந்தைகளோடு சுற்றுலா போகும் மகனிடம் இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

மாமா கடைசியில் விற்கவில்லை. 40,000 ரூபாய்க்காரர் வந்து பேசிக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்து, விற்பதாயிருந்தால் எனக்கே மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் ஐடி வேலை, இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை முன்கூட்டியே தெரியும், வருடத்துக்கு இரண்டு தடவை எங்காவது போகிறவர்கள். ஒப்பந்தத்தில் குடும்பத்துக்குள் பெயர் மாற்றக் கட்டணம் குறைவு என்று இருந்தது. மாமா இரண்டு வருடப் பாக்கியைக் கட்டினார், இனி வரும் பில் மகளுடையது. கடிதம் போன மாதம் வந்தது.

மே மாதத்துக்கு மூணாறில் அறை போட்டுவிட்டு அவள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள். அத்தை கிளம்பிவிட்டார். மாமா பால் கறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.